பதின்வயது மூளையும் மனநோயும்: கொங்குப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு, கோபி, திருப்பூர், நாமக்கல் பக்கம் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, நாலைந்து பேர் மட்டும் செருப்பைத் தேடுவது போல நின்றுகொண்டிருப்பார்கள். கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி அவர்களிடம்தான் இருக்கும். அப்படிக் கேட்கப்பட்டவற்றைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, மனநலத் துறையில் வேலை பார்க்கும் சமூகப் பணியாளர். மருந்து எழுதுபவரிடம் உங்களைக் காலம் கடத்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை.

எட்டாவது வரைக்கும் தங்கமான பையனுங்க. ஒன்பதாவது வந்ததும் ஆளே மாறிட்டான். மூளையில ஏதாச்சும் கோளாறுங்களா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் மூளையில் பெரிய வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்பது உண்மை.

ஆறு வயதிலேயே மூளை பெரியவர்களின் அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடும். அதனால் அதற்குப் பிறகு மூளையில் பெரிதாக எதுவும் மாறாது என்று மருத்துவர்களே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1979-ல் சிகாகோவில் இருந்த குழந்தை நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லோக்கர், இறந்தவர்களின் மூளைத் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து நரம்பணுக்களுக்கு இடையேயான இணைப்புகளை எண்ணிப் பார்த்தார். சின்னக் குழந்தையின் நெற்றிப் பகுதியில் பெரியவர்களைவிட இணைப்புகள் மிக அதிகமாக இருந்தன. பதின்வயது முடிவதற்குள் அவை குறைந்துவிட்டிருந்தன. 1999-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஜே கீட் குழு, உயிரோடு இருக்கும் பிள்ளைகளிடமே இதைக் காட்டியது. அதே பிள்ளைகளைச் சில ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், நெற்றிப் பகுதியின் சாம்பல்நிறத் திசு 11, 12 வயதுவாக்கில் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் குறையத் தொடங்கியது.

குறைவது என்றதும் பயப்பட வேண்டாம். சத்தியமங்கலம் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கவாத்து பண்ணிய செடி கொஞ்ச நாளைக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும். அப்புறம் வரும் துளிரில்தான் பூ. புழங்காத இணைப்புகள் கழிகின்றன, புழங்குபவை பலப்படுகின்றன. கூடவே நரம்பு இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை படிந்து, செய்தி போகும் வேகம் பல மடங்கு கூடுகிறது.

இந்த வேலை மூளையின் பின்பக்கமிருந்து முன்பக்கமாக நகர்கிறது. பார்வை, தொடு உணர்வு, அசைவு ஆகியவற்றுக்கான பகுதிகள் முதலில் முடிந்துவிடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் கடைசி. யோசித்துச் செய்வது, ஆத்திரத்தை அடக்குவது, நாளைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. ஆசையையும் கோபத்தையும் கிளப்பும் உள்பகுதிகளோ பருவமடையும்போதே சூடுபிடித்துவிடுகின்றன. உங்கள் பையன் இப்போது இந்த இரண்டுக்கும் நடுவிலான இடைவெளியில் இருக்கிறான். கதவைச் சாத்திக்கொள்வது, எதிர்த்துப் பேசுவது, அம்மாவோடு கடைக்கு வர வெட்கப்படுவது எல்லாம் இதில் அடக்கம்.

25 வயசாகாம மூளை முழுசா வளராதாமே, நிஜமுங்களா?

25 என்பது கறாரான கோடு இல்லை. இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது, அப்புறமும் கொஞ்சம் நடக்கிறது, ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. 24 வயசுக்காரனின் எல்லாக் கூத்துக்கும் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனியா இருந்தா ஒழுங்கா இருக்கான். சேக்காளிங்ககூட சேர்ந்தா அவிநாசி ரோட்டுல பைக்கை அந்த விரட்டு விரட்டறான். ஏன்?

2005-ல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். தனியாக ஆடியபோது பதின்வயதினரும் பெரியவர்களும் எடுத்த ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்களைப் பக்கத்தில் உட்கார வைத்ததும் 13 முதல் 16 வயது வரையானவர்கள் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றம் இல்லை.

ஆபத்து என்னவென்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், கூட்டாளி பார்க்கிறான் என்றதும், சந்தோஷத்தைத் தேட வைக்கும் மூளையின் பரிசுச் சுற்று அதை அமுக்கிவிடுகிறது. அதனால் அவனிடம் விபத்துக் கதை சொல்லிப் பிரயோஜனம் குறைவு. 18 முடிகிற வரைக்கும் சாவி உங்களிடம் இருப்பதுதான் பிரயோஜனம்.

அது சரி. மனநோய் எதுக்கு இந்த வயசுலயே வருது? சின்ன வயசுல வரலை, எங்களுக்கும் வரலை.

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான்.

2005-ல் வெளியான ரொனால்டு கெஸ்லரின் அமெரிக்க ஆய்வில், வாழ்நாளில் மனநோய் வருபவர்களில் பாதிப் பேருக்கு 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது என்று தெரியவந்தது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022-ல் வந்த தொகுப்பு கொஞ்சம் மாறுபட்ட கணக்கைத் தந்தது: 14-க்குள் மூன்றில் ஒரு பங்கு, 18-க்குள் ஏறக்குறைய பாதி. அதிகம் பேருக்குத் தொடங்கும் வயது பதினாலரை. எந்தக் கணக்கை எடுத்தாலும் பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு வயதில்தான் வந்து நிற்கிறோம்.

காரணம் ஒன்றே ஒன்று இல்லை. இணைப்புகள் கழிகிற வேலை சிலரிடம் அளவு மீறிப் போய்விடலாம். ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை வரும் நோய்) இப்படித்தான் உண்டாகிறதோ என்று 1982-லேயே இர்வின் ஃபைன்பெர்க் கேட்டார். 2016-ல் ஹார்வர்டைச் சேர்ந்த குழு ஒன்று அதற்கு ஒரு மரபணுச் சான்றைக் கண்டுபிடித்தது. சி4 என்ற நோயெதிர்ப்பு மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. எலிகளின் மூளையில் அதே மரபணு இணைப்புகளைக் கழிக்கும் வேலையில் பங்கெடுக்கிறது. மனச்சிதைவின் மொத்தக் கதையும் இது இல்லை, ஒரு பகுதி.

அடுத்தது ஹார்மோன். பருவமடையும் வரை ஆண், பெண் இருபாலருக்கும் டிப்ரஷன் எனப்படும் மனச்சோர்வு ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. அதற்குப் பிறகு பெண்பிள்ளைகளிடம் அது சுமார் இரண்டு மடங்காகிறது. இதில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. அதே வயதில் அவள்மீது வந்து விழும் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. மூன்றாவது, நெருக்கடி. மூளை தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும் காலத்தில் தொடர்ந்து பயம், அவமானம், தூக்கமின்மை இருந்தால் அதற்கேற்பவும் அது பழகிக்கொள்கிறது. கற்றுக்கொள்வதற்கு உதவும் அதே இளக்கம் காயப்படுவதற்கும் இடம் கொடுக்கிறது. சிகிச்சை நன்றாகப் பிடிப்பதற்கும் அதே இளக்கம்தான் காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

எல்லா நோயும் ஒரே வயதில் வருவதில்லை. பதற்றக் கோளாறுகள் பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டும். மனச்சோர்வு பருவமடைந்த பிறகு கூடும். மனச்சிதைவும், இருதுருவக் கோளாறு எனப்படும் பைபோலாரும் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் வரும். ‘எங்களுக்கு வரலை’ என்றீர்கள். உங்கள் வகுப்பிலும் ஒருவருக்கு வந்திருக்கும். ‘படிப்பு ஏறலை, தறிக்குப் போயிட்டான்’ என்று ஊர் சொல்லியிருக்கும், அவ்வளவுதான். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயது வரையானவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர்.

எங்க மாமனார் வழியில ஒருத்தருக்கு இருந்துச்சு. பரம்பரையா வருமுங்களா?

வாய்ப்பு கூடும், வந்தே தீரும் என்பதில்லை. மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும். தாய், தந்தையில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் பத்து அளவு. அப்படியானால் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புகூட இல்லை. குடும்பத்தில் இருந்தது தெரிந்தால், தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வரன் பார்க்கிற இடத்தில் மறைக்கிற பழக்கத்தில் மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறார்கள். எந்த மருந்து அந்தச் சித்தப்பாவுக்குக் கேட்டது என்பதுகூட இந்தப் பிள்ளைக்கு உதவும் தகவல்.

முனி அடிச்சிருக்குன்னு மாமியார் சொல்றாங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டியாச்சு. குணசீலத்துக்கும் கூட்டிட்டுப் போகலாம்ங்கறாங்க.

கூட்டிக்கொண்டு போங்கள். கரூரிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் மண்டலம் இருந்துவிட்டு வருபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சாமி கும்பிடுவதால் நோய் கூடாது. நாள் தள்ளிப்போவதால் கூடும். ‘ஆடி போகட்டும்’, ‘இந்தப் பெயர்ச்சி முடியட்டும்’ என்று போகிற மாதங்கள்தான் திரும்பக் கிடைக்காதவை. அமெரிக்காவில் முதல்முறை மனச்சிதைவு வகை நோய் வந்த 404 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், அறிகுறி தொடங்கிச் சிகிச்சைக்கு வருவதற்குள் பாதிப் பேருக்கு 74 வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முன்பே வந்தவர்களுக்குத்தான் சிறப்புச் சிகிச்சையால் கூடுதல் பலன் கிடைத்தது. கோயிலுக்கும் போங்கள், அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள்.

ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது, கட்டிவைப்பது எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

சாதாரண முறைப்பு எது, நோய் எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

குணத்தைப் பார்க்காதீர்கள், மாற்றத்தைப் பாருங்கள். எப்போதுமே பேச்சு குறைவான பிள்ளை பேசாமல் இருந்தால் அது அவன் சுபாவம். வாயாடிப் பிள்ளை இரண்டு வாரமாகப் பேசவில்லை என்றால் அது செய்தி. கோபம் வீட்டில் மட்டுமா, கிரவுண்டிலும் உண்டா? அம்மாவிடம் முறைத்துவிட்டுக் கிரிக்கெட்டுக்கு ஓடுகிறவன் நலமாகத்தான் இருக்கிறான். கிரிக்கெட்டையும் விட்டுவிட்டான், குளிப்பதில்லை, சாப்பாடு பாதியில் நிற்கிறது, ராத்திரி முழுக்க விழிக்கிறான், நன்றாக வந்துகொண்டிருந்த கணக்குத் திடீரென்று வரவில்லை என்றால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. பதின்வயது மனச்சோர்வு அழுகையாக வர வேண்டும் என்பதில்லை. எரிச்சலாக வரும், தலைவலியாக வரும், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்து வயிற்றுவலியாக வரும். ஸ்கேன் இரண்டு முறை எடுத்தும் எதுவும் இல்லை என்று வந்தால், மூன்றாவது ஸ்கேனுக்கு முன்னால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இருதுருவக் கோளாறில் நேர் எதிராகவும் நடக்கும். மூன்று மணி நேரம் மட்டுமே தூங்கிவிட்டுச் சோர்வே இல்லாமல் எழுவது, ஓயாத பேச்சு, ‘நான் கம்பெனி ஆரம்பிக்கப்போறேன்’ என்று ராவோடு ராவாகத் திட்டம், அப்பா பெட்டியிலிருந்து பணம் எடுத்து வாரி இறைப்பது. ‘பையன் சுறுசுறுப்பாயிட்டான்’ என்று சில வீட்டில் சந்தோஷப்பட்டுக்கூட இருக்கிறார்கள்.

மனச்சிதைவின் தொடக்கம் இன்னும் நுணுக்கமானது. அடையாளத்தை மாற்றி ஒரு வீட்டைச் சொல்கிறேன். சோமனூர்ப் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்குடோன். 17 வயதுப் பையன் அடிக்கடி குடோன் பக்கம் திரும்பி, ‘யாரோ கூப்பிடறாங்க’ என்பான். தறிச் சத்தத்தில் யாருக்குத்தான் என்ன கேட்காது, அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய ஒரு நாள், தறி எல்லாம் நின்று வீடே நிசப்தமாக இருக்கிறது. பையன் சுவரில் காதை வைத்து உட்கார்ந்துகொண்டு, ‘இப்பத்தான்மா தெளிவாப் பேசறாங்க’ என்றிருக்கிறான். அந்த வாரமே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். டெக்ஸ்டைல் டிப்ளமோவில் ஒரு வருடம் போனது. மறுபடி சேர்ந்திருக்கிறான், மாத்திரை இன்னும் ஓடுகிறது, காலை வகுப்பில் தூக்கம் வருகிறது என்று புகார் சொல்கிறான். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, தன்னைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள் என்ற சந்தேகம், டிவியில் தனக்குச் செய்தி வருகிறது என்ற நம்பிக்கை, இதில் எது இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பிளஸ் டூவுக்கு ஹாஸ்டல்ல போட்டிருக்கோம். காலைல நாலரைக்கு எழுப்பறாங்க, ராத்திரி பதினொன்றுக்கு விடறாங்க. மார்க் வருதுங்களே?

மார்க் வருகிறது, சரி. யாருக்கு வருகிறது, யார் பாதியில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள் என்ற இரண்டாவது கணக்கைப் பள்ளி வாசல் பேனரில் யாரும் போடுவதில்லை.

தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் பருவமடைந்த பிறகு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடனும் அவர் குழுவினரும் இதைப் பல ஆண்டு அளந்து காட்டியிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வராதது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். மேல்நிலைப் பள்ளி காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-ல் பரிந்துரைத்தது. நாம் எட்டரைக்குள் இரண்டு டெஸ்ட் முடித்துவிடுகிறோம்.

ஒரு விடுதியின் படிப்பு ஹாலைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று பிள்ளைகளை நிற்கவைத்திருந்தார்கள். கையில் புத்தகம், கண் செருகிக்கிடக்கிறது, பக்கம் மட்டும் புரண்டுகொண்டிருக்கிறது. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிக்க வைப்பதில் படிப்பும் போகிறது, மனநிலையும் போகிறது. பைபோலார் வரும் வாய்ப்புள்ள பிள்ளைக்குத் தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பும் காரணமாகிவிடலாம். இந்த வட்டாரத்தில் இதைச் சொன்னால் ‘நீங்க எங்கே எம்.பி.பி.எஸ். சீட்டு வாங்கித் தருவீங்களா’ என்று கேட்பார்கள். தர முடியாதுதான். ஆனால் சேர்க்கும் முன் ஃபீஸ் கேட்கிற மாதிரி, எத்தனை மணிக்குத் தூங்கவிடுவீர்கள், வீட்டுக்கு எப்போதெல்லாம் பேசலாம், கவுன்சிலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் ‘நல்லா இருக்கேன்’ என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். பக்கத்தில் வார்டன் நின்றுகொண்டிருக்கலாம். நேரில் போனால் முகத்தையும் எடையையும் பாருங்கள்.

பொண்ணு மில் ஹாஸ்டல்ல இருக்கா. வலிப்பு மாதிரி வந்து விழறாளாம். கூடவே இன்னும் ரெண்டு பேருக்கும் வருதாம்.

முதலில் நரம்பு சம்பந்தமான வலிப்பு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். அது இல்லை என்றானால், வாயால் சொல்ல முடியாத நெருக்கடியை உடம்பு சொல்கிறது என்று பொருள். நடிப்பு என்று திட்டாதீர்கள்; அவள் வேண்டுமென்று செய்வதில்லை. ஒரே அறையில் பலருக்கு வருவதும் உலகம் முழுக்கப் பார்த்ததுதான். நைட் ஷிஃப்ட், வெளியே விடாத கேட், மேற்பார்வையாளரின் வாய், சில சமயம் கை, எது என்று மெதுவாகக் கேளுங்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து சில நாள் தூங்கவிட்டுக் கேட்டால் சொல்வாள். கல்யாணத்துக்குச் சேரும் பணம் பாதியில் நிற்குமே என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு ஏதாவது நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம்.

கஞ்சா அவ்வளவு கெடுதலுங்களா? இயற்கை மூலிகைதானேங்கறான்.

ஊமத்தையும் இயற்கைதான்.

ஸ்வீடனில் 1969–70-ல் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்து 1987-ல் வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தது புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு. மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்ததும் அந்த மடங்கு குறைந்தது, ஆனால் மறையவில்லை. கஞ்சாவில் உள்ள பொருள் போய் ஒட்டும் இடங்கள் மூளையில் இணைப்புகள் சீராகிற வேலையிலும் பங்கெடுப்பவை. அதனால் 30 வயதில் தொடங்குபவனைவிட 14 வயதில் தொடங்குபவனுக்கு ஆபத்து கூடுதல். புகைத்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் டெஸ்ட்டும் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ பைபோலாரோ இருந்தால், அதைப் பையனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ‘உனக்கு மத்தவங்களைவிட ரிஸ்க் அதிகம்’ என்பது அறிவுரையைவிட நன்றாக ஏறும்.

உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலமான கூல் லிப், வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்துவது எல்லாம் இப்போது பள்ளி வரைக்கும் வந்துவிட்டன. பிடிபட்டதும் டி.சி. கொடுத்து அனுப்புகிற பள்ளிகள், அந்தப் பிள்ளையைப் பகல் முழுக்க வீதியில் விடுகின்றன.

போனைப் பிடுங்கி வெச்சா எல்லாம் சரியாயிடுமுங்களா?

போன்தான் மனநோய்க்குக் காரணம் என்று சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ராத்திரித் தூக்கத்தைத் தின்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பத்து மணிக்கு வீட்டில் எல்லோர் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும், அப்பாவுடையதும் சேர்த்து.

‘செத்துடலாம் போல இருக்கு’ன்னு சொல்றா. மிரட்டறாளா, நிஜமா?

நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மிரட்டல்தான் என்று உங்களுக்குத் தோன்றினாலும்.

நேராகக் கேட்கலாம்: ‘கண்ணு, சாகணும்னு தோணுதா?’ கேட்டால் நாமே எண்ணத்தைக் கொடுத்ததாக ஆகும் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன; பல பிள்ளைகள் அப்போதுதான் மூச்சு விடுகிறார்கள். கேட்டுவிட்டு அறிவுரை சொல்லாதீர்கள், கேளுங்கள். அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். பதின்வயதில் இந்த எண்ணம் அலையாக எழுந்து, பல நேரம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றுகிறது. தோட்டத்து வீடுகளில் இதை அழுத்திச் சொல்கிறேன்: பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து, அப்பாருடைய சர்க்கரை மாத்திரை, எல்லாவற்றையும் இன்றைக்கே பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. தேர்வு முடிவு வரும் வாரத்தில் இன்னும் கவனம். தோற்றவர்கள் ஒரு வருடம் வீணாகாமல் உடனே எழுதத் துணைத்தேர்வு இருக்கிறது என்பதை முடிவு வருவதற்கு முன்பே, சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்லி வையுங்கள்.

ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்ங்கறாங்களே?

ஆகாது. நோய் இருக்கும், கூடவே இன்னொரு வீட்டுப் பிள்ளையும் மாட்டிக்கொள்ளும். நோய் கட்டுக்குள் வந்து, இரண்டு பக்கமும் விவரம் தெரிந்து நடக்கிற திருமணங்கள் நன்றாகவே நடக்கின்றன. மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு, அப்புறம் நிறுத்திவிட்டு, மூன்றாம் மாதம் வெடிக்கிற திருமணங்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே?

நோயைப் பொறுத்தது. லேசான மனச்சோர்வு, பதற்றம் என்றால் பேச்சுவழிச் சிகிச்சையே பல நேரம் போதும். மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்பட்டால், குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர்ந்து, அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள். மனச்சிதைவுக்கும் பைபோலாருக்கும் இன்னும் நீளமாகப் போகும். மனச்சோர்வு மாத்திரைகளில் அடிமையாக்கும் குணம் இல்லை. ஆனால் பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் தூக்க மாத்திரைதான் பழகிவிடும் வகை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2004-ல் எச்சரித்தது. 24 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கும் அப்படிப்பட்ட எண்ணமோ செயலோ இருந்தது, யாரும் இறக்கவில்லை. அதனால் முதல் மாதம் மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், வாரம் ஒருமுறையாவது மருத்துவரிடம் பேசுங்கள்.

எங்கே போறதுங்க? ஊருல தெரிஞ்சா பேச்சாயிடும்.

கோவை, சேலம், பெருந்துறை, கரூர், திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாளில் வருகிறார்கள். எந்த நாள் என்று அங்கே போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்றால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், தப்பே இல்லை. விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

முதல் நாள் போகும்போது பழைய சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதிருந்து, என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேள்வி கேட்கும்போது பதற்றத்தில் பாதி மறந்துபோகும். இந்த வருட நோட்டு ஒன்று, போன வருட நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டு போனால் நல்லது, கையெழுத்தும் வேகமும் மாறியிருப்பது நிறையச் சொல்லும். ‘கண் டாக்டரிடம் போகிறோம்’ என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். அடுத்த தடவை வண்டியிலேயே ஏறமாட்டான். ‘உனக்குத் தூக்கம் வரலைன்னு சொன்னயில்ல, அதுக்குக் கேட்கலாம் வா’ என்றால் பெரும்பாலும் வருவான். மருத்துவர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால், எழுந்து வெளியே போய் உட்காருங்கள்.